பாயிண்டில் கிடைத்த பால்கனி

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் வாலுவும் நலம். உங்கள் தங்கையும் நலம் என்றுதான் எழுதச் சொன்னாள். ஆனால் கப்பல் ஏறிய நாளிலிருந்து அவள் வயிறு அவள் பேச்சைக் கேட்பதில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு பாதி நேரம் படுத்தே கிடக்கிறாள். மீதி நேரம் என்னைக் கிண்டல் செய்கிறாள். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? ஹோட்டல் ஏ.சி.யைக் குறைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று எத்தனை முறை சொல்வது? அந்தப் போர்வை மெல்லிசாக இருந்தால் இன்னொன்று கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு குளிரில் கிடக்காதீர்கள்.

என்ன இவள் கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்று பார்ப்பீர்கள். கப்பலில் நெட் உண்டு. ஆனால் அது நாம் கார்டிலும் ஹோட்டலிலும் சேர்த்த பாயிண்டில் வராதாம், தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். அது ஒரு சாக்குதான். ஃபோன் என்றால் நீங்கள் "எல்லாம் ஓகேவா?" என்பீர்கள், நான் "ஓகே" என்பேன், அதற்குள் உங்கள் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். பெரிய விஷயம் எதையும் நாம் ஃபோனில் பேசி முடித்ததாக எனக்கு நினைவே இல்லை. இந்த இரண்டு வருட வெளிநாட்டு ஒப்பந்தமும் அப்படித்தானே நடுவில் நிற்கிறது. "மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து போடணும், நீயே யோசிச்சு ஒரு முடிவு சொல்லு" என்றீர்கள். "கப்பல்ல போய் நிம்மதியா யோசிக்கறேன்" என்று நான் சொன்னேன். யோசித்துவிட்டேன். நிம்மதியாக இல்லை. நாளைக் காலை கரை இறங்கியதும் இதைக் கூரியரில் போடுகிறேன். கெடுவுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் கப்பல் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சம்பாதித்துக் கொடுத்த கப்பல், உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் எப்படி?

ஏறுகிற இடத்திலேயே முதல் கலாட்டா. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கோல்டு மெம்பர் எங்கே மேடம்?" என்று சுற்றும் முற்றும் தேடினாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை முந்திக்கொண்டு, "அவரு அடுத்த கப்பலுக்குப் பாயிண்ட் சேர்க்கப் போயிருக்காருங்க" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாயிண்டில் எடுத்த இடத்தை வேறு ஆள் பெயருக்கு மாற்ற முடியாது, ஆனால் நீங்கள் வராவிட்டாலும் மற்றவர்கள் போகலாம், உங்கள் இடம் மட்டும் அப்படியே இருக்கும் என்று விளக்கினாள். அது எனக்குத் தெரியும். அந்த விதிமுறை முழுவதையும் வரி விடாமல் படித்தவள் நான்தானே. பி.காம். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

நீங்கள் வராததில் எனக்குக் கோபமில்லை. இதை நம்புங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் நின்றுபோனால், அதைச் சரிசெய்யப் போகிற ஆள் நீங்கள், வரிசையில் படுத்திருக்கிறவர்களிடம் "என் குடும்பத்துக்குக் கப்பல் டிக்கெட் இருக்கு" என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? ஃபோனில் நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். என் வருத்தம் அந்த மெஷினோடு இல்லை.

கேபின் அழகாக இருக்கிறது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள். எந்த அறை நம்முடையது என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் மஞ்சள் விளக்கு, கனமான திரை, ஒரு கெட்டில், இரண்டு கோப்பை. மேசையில் உங்கள் பெயர் அச்சடித்த வரவேற்பு அட்டையும் ஒரு சாக்லேட் பெட்டியும் வைத்திருந்தார்கள். திரையை விலக்கினால் பால்கனி, அதற்கு அப்பால் கடல். பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை நான் எத்தனை முறை சரிபார்த்திருப்பேன் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள். "அண்ணி, கதவு பாவம், விட்டுடுங்க" என்கிறாள்.

இந்தப் பால்கனி நமக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கும் மறந்திருக்காது. வருடக் கடைசியில் கோல்டு ஆவதற்கு இரண்டே இரண்டு ஹோட்டல் இரவு குறைந்தது. உங்கள் வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. "கிளம்பி வரட்டுமா, இல்ல இங்கேயே தங்கிடட்டுமா?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். "தங்கிடுங்க, ஜன்னல் கேபின் பால்கனி கேபின் ஆகிடும்" என்றேன். நீங்கள் வேலை எதுவும் இல்லாமல் ஒரு ஹோட்டல் அறையில் சனி ஞாயிறு முழுக்க டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஞாயிறுதான் வாலுவின் பிறந்தநாள். கேக்கை ஃபோனுக்கு முன்னால் பிடித்தேன். நீங்கள் அங்கிருந்து ஊதினீர்கள், நான் இங்கே ஓரமாக ஊத, மெழுகுவத்தி அணைந்தது. அப்பா ஊதித்தான் அணைந்தது, அப்பா காற்று வந்தது என்று அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லிச் சண்டையே போட்டாள். அன்றைக்கு அது நமக்கு ஒரு வேடிக்கை.

கேபினுக்குள் நுழைந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, அப்பா எங்க? இது அப்பா வீடுதானே?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. உங்கள் தங்கைக்குத்தான் சட்டென்று புரிந்தது. ஃபோனில் நீங்கள் எப்போது வந்தாலும் உங்களுக்குப் பின்னால் இருப்பது இதே வெள்ளை விரிப்பு, இதே மஞ்சள் விளக்கு, இதே திரை. ஊர் ஊராக மாறினாலும் அறை மாறுவதில்லை. அவளைப் பொறுத்தவரை நாம் இருப்பது அம்மா வீடு. அப்பா வீடு என்று வேறொன்று இருக்கிறது, அது இப்படித்தான் இருக்கும். கடைசியில் ஒருநாள் அம்மா அவளை அங்கே கூட்டிவந்துவிட்டாள், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பெட்டியை அடுக்க ஆரம்பித்தோம். "அப்பா வேலைக்குப் போயிருக்காருடா கண்ணு" என்றேன். அது என்ன வார்த்தை? வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்பி வருவார் என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைக்கும்?

அவளும் அப்படித்தான் நினைத்தாள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் நம் பெயருக்கு நான்கு நாற்காலி. உங்கள் நாற்காலியை எடுக்கவே மாட்டேன் என்கிறார் பரிமாறுகிறவர். பட்டியலில் இருக்கிறதாம், தட்டு வைத்தே ஆக வேண்டுமாம். தினமும் தட்டு வைப்பார், கரண்டி வைப்பார், துணியை மடித்து வைப்பார், கடைசியில் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு போவார். வாலு தன் ரொட்டியில் பாதியை அந்தத் தட்டில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். உங்கள் தங்கை அதை எடுத்துக் கடித்து, "இந்த நாற்காலிக்கு உங்கப்பன் தராத வாடகை, நான் வசூல் பண்றேன்" என்பாள். வாலு வீறிட்டு அழுவாள். சுற்றி இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நீச்சல் குளம், பொம்மலாட்டம், எந்நேரமும் ஐஸ்கிரீம். வாலு இரண்டு கன்னமும் கறுத்துப் போயிருக்கிறாள். இவ்வளவுக்கும் நாம் கையிலிருந்து கொடுத்தது துறைமுக வரியும் உங்கள் தங்கையின் மாத்திரைச் செலவும்தான். பக்கத்து மேசைக்காரர்கள் முழுக் காசும் கட்டி வந்தவர்கள். எப்படி இவ்வளவு மலிவாக வந்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கார்டில் மளிகை வாங்குவது, மாடி வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜைக்கூட என் கார்டில் தேய்த்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டது, உங்கள் ஹோட்டல் இரவுகள், விமானப் பாயிண்டைக் கப்பல் பாயிண்டாக மாற்றுகிற சூட்சுமம் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் வெளியிலதான் இருப்பாரோ?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். "ஆமா, அதுதான் எங்களுக்கு வசதி" என்றேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சூப் நன்றாக இருக்கிறது என்று குடித்துக்கொண்டிருந்தேன்.

உறைத்தது நேற்று.

இதை உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று நேற்றிலிருந்து தவிக்கிறேன். வாலுவுக்கு ஒன்றும் இல்லை. முதலிலேயே எழுதிவிடுகிறேன், படிக்கும்போது பதறாதீர்கள். அவள் இப்போது என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

நம் தளத்திலேயே, தாழ்வாரத்தின் கோடியில், ஒரு மேசை போட்டு அடுத்த வருடக் கப்பலுக்கு முன்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கப்பலில் இருக்கும்போதே பதிந்தால் பாயிண்ட் இரட்டிப்பு. உங்கள் தங்கை படுத்திருந்தாள். நானும் வாலுவும் ஐஸ்கிரீம் சாப்பிடக் கிளம்பினோம். அவள் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். மேசைக்காரி, "கோல்டு குடும்பம்தானே, உட்காருங்க மேடம்" என்றாள். அடுத்தது பிளாட்டினமாம். பிளாட்டினம் என்றால் இரண்டு அறையும் வரவேற்பறையும் உள்ள பெரிய கேபினாம். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அந்த மேசைக்காரியிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். நீங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் எத்தனை விமானம், எத்தனை ஹோட்டல் இரவு, அது எத்தனை பாயிண்ட் என்று போட ஆரம்பித்தேன். உங்கள் இரண்டு வருடத்தை, வாலுவின் இரண்டு வருடத்தை, நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். சுறுசுறுப்பாக, சந்தோஷமாக. நடுவில் "பிளாட்டினம் வந்துடும்" என்று சத்தமாகக்கூடச் சொன்னேன். அந்தப் பெண், "சூப்பர் மேடம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் வாலு இல்லை.

கடல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மேல்தளத்துக்கு ஓடினேன், கைப்பிடிக் கம்பி ஓரமாக ஓடினேன், குளத்தைப் பார்த்தேன். யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒலிபெருக்கியில் சட்டை நிறம், வயது எல்லாம் சொன்னார்கள். உங்கள் தங்கை வெறுங்காலோடு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அண்ணி, அவ படி ஏறமாட்டா, இந்தத் தளத்துலதான் இருப்பா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதுதான் சரி. தாழ்வாரத்தில், நம் அறைக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் அறையின் கதவு திறந்திருந்தது. அந்த வரிசையைச் சுத்தம் செய்கிற பணியாளர் உள்ளே குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்கு ஒலிபெருக்கியும் கேட்கவில்லை, இவள் வந்ததும் தெரியவில்லை. வாலு செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, புதிதாக விரித்த கட்டிலின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, "உஷ்... அப்பா குளிக்கிறாரு" என்றாள்.

நீங்கள் ஃபோனில் பாதிப் பேச்சில் வைக்கும்போதெல்லாம் சொல்வீர்களே, "அப்பா குளிச்சிட்டு வந்து கூப்பிடறேன்டா" என்று. சில நாள் கூப்பிடுவீர்கள், பல நாள் களைப்பில் தூங்கிவிடுவீர்கள். அவள் அதைக் குறையாகவே எடுத்துக்கொண்டதில்லை. அப்பா குளிக்கிறார், குளித்து முடித்ததும் வருவார், அவ்வளவுதான் அவளுக்கு.

தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு அந்த மனிதர் வெளியே வந்தார், எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். வாலு அவர் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "இது வேற ரூம் போல" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நான்தான் அழுதேன். உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி படுத்த பிறகு மட்டும், "எங்கண்ணனுக்கு நீங்க ஃபோன்ல இதைச் சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும். எழுதியாவது போடுங்க" என்றாள். அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நீங்கள் இரண்டு நாள் டி.வி. பார்த்துச் சம்பாதித்த பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். கடல் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது.

என் மனசில் இன்னொன்று கிடந்து அறுக்கிறது. போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "நம்ம ஊர் கிளையில பயிற்சி குடுக்கற வேலை ஒண்ணு காலியாகுது. மேசை வேலைதான், சம்பளம் கொஞ்சம் குறையும்" என்று சொன்னீர்கள். நான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "மேசைக்கு யாருங்க பாயிண்ட் குடுப்பாங்க?" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டீர்கள். அதற்கு மறுநாள்தான் வெளிநாட்டு ஒப்பந்தத்தைப் பற்றி ஆரம்பித்தீர்கள். இப்போது திரும்பத் திரும்ப அந்தச் சிரிப்பையே யோசிக்கிறேன். நீங்கள் என்னிடம் தகவல் சொல்லவில்லை, கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத்தான் காது இல்லாமல் போய்விட்டது. இல்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனா? உங்களுக்கு உண்மையிலேயே வெளிநாட்டு வேலைதான் பிடித்திருக்கிறதா? அப்படி இருந்தால் அதையும் எழுதுங்கள். என் மேல் பழி வராமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் முந்திக்கொண்டு "எனக்கும் ஆசைதான்" என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. நீங்கள் அப்படிச் செய்கிற ஆள்தான்.

சம்பளம் குறைந்தால் குறையட்டும். என் பழைய ஆடிட்டர் அலுவலகத்தில் அரைநாள் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறார்கள், விசாரித்து வைத்திருக்கிறேன். வாலு பள்ளி விட்டு வருவதற்குள் நான் வந்துவிடலாம். அடுத்த வருடம் கப்பல் கிடையாது. பரவாயில்லை. நீங்கள் தினமும் வீட்டில் இருந்தால் நமக்குள் தினமும் சண்டை வரும். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவீர்கள், நான் கத்துவேன். நான் அடுக்கி வைத்த அலமாரியைக் கலைப்பீர்கள். வாலு உங்கள் பேச்சைக் கேட்கமாட்டாள், முதல் கொஞ்ச நாள் உங்களை விருந்தாளி மாதிரி பார்ப்பாள். அதற்கு மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள். ராத்திரி உங்களிடம் படுக்காமல் என்னிடம் ஓடி வருவாள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சரியாகிவிடும்தானே?

முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும், நான் வற்புறுத்தவில்லை என்று எழுதலாம் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். அப்படி எழுத எனக்கு வரவில்லை. அந்தப் பயிற்சி வேலைக்கு வேறு யாரையும் போட்டுவிட்டார்களா என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். போட்டுவிட்டார்கள் என்றால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒப்பந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருமலுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் மூவருக்கும் வேண்டியது. எங்களுக்காக இனிமேல் வேறு எதையும் சேர்த்து வைக்காதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வாலுவின் அம்மா